சாரயேவோவில் காரை எந்த நாள் எடுப்பது?

வண்டி, வழி, வாடகை பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, மோட்டார் இன்ஷூரன்ஸ் சர்வேயராக 31 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார்.

மகள் வியன்னாவில் வேலை பார்க்கிறாள். செப்டம்பரில் நானும் கணவரும் அங்கே போய்விட்டு, போஸ்னியாவின் சாரயேவோவுக்கு ஆறு நாள் போவதாகத் திட்டம். ஏர்போர்ட்டிலேயே வாடகைக் கார் எடுத்து, திரும்பும்போது அங்கேயே விட்டுவிடலாம் என்கிறார் இவர். முப்பது வருஷம் கார் ஓட்டியவர். சரிதானா? (வாசகி, ஈரோடு)

வேண்டாம் அம்மா. மூன்றாம் நாள் எடுங்கள். உங்கள் வீட்டுக்காரர் எவ்வளவு கெட்டிக்கார டிரைவராக இருந்தாலும் சரி, முதல் இரண்டு நாள் அந்த ஊரில் காருக்கு வேலையே இல்லை. பாஷ்சார்ஷியா என்கிற பழைய கடைவீதி, பித்தளைப் பாத்திரம் தட்டும் சந்து, மசூதி, சர்ச், யூதர் கோயில் எல்லாம் நடக்கிற தூரம். மிலியாட்ஸ்கா ஆற்றை ஒட்டி டிராம் ஓடுகிறது. 1885-இல் குதிரை இழுத்துத் தொடங்கிய டிராம் அது. அதில் ஏறினால் இலிஜா வரை போகலாம். போஸ்னா ஆறு ஊற்றெடுக்கும் பூங்கா அந்தப் பக்கம்தான்.

இதை நான் புத்திசாலித்தனமாகச் சொல்லவில்லை, பட்டுத்தான் சொல்கிறேன். 2023 செப்டம்பரில் நானும் ஏர்போர்ட்டிலேயே கார் எடுத்தேன். தங்கும் வீடு விராட்னிக்கில். பழைய ஊருக்கு மேலே மலைச்சரிவில் இருக்கிற பகுதி அது. ஏணி மாதிரி ஏறும் கல் பாவிய தெரு, ஒரு கார்தான் போகும். பாதி ஏறியபோது எதிரே ஒரு பழைய ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் கார் இறங்கி வந்தது. யாராவது பின்னால் போக வேண்டும், விருந்தாளி நான்தான் போனேன். க்ளட்ச் வாடை மூக்கில் ஏற, இண்டிகேட்டர் என்று நினைத்து வைப்பரைத் தட்டிவிட்டேன். மாருதியில் வலது கையால் இண்டிகேட்டர் போட்டுப் பழகிய கை அது. காய்ந்த கண்ணாடியில் வைப்பர் கறகறவென்று ஆட, ஒரு பாட்டி வாசலில் இருந்த பூந்தொட்டியை நிதானமாக உள்ளே எடுத்து வைத்துக்கொண்டார். அந்த நேரத்தில்தான் வலது பின் சக்கரம் கல் விளிம்பில் உரசியது. அந்தச் சத்தத்தை முப்பத்தொரு வருஷம் பிறர் வாயால் கேட்டு எழுதியிருக்கிறேன். அன்றைக்குத்தான் சொந்தக் காதால் கேட்டேன்.

வலது பக்கம் உரசுவதற்குக் காரணம் உண்டு. நாம் வலது ஓரத்தில் உட்கார்ந்து ஓட்டிப் பழகியவர்கள். அங்கே ஸ்டியரிங் இடது பக்கம். நம் உடம்பு பழைய கணக்கிலேயே சாலையின் வலது ஓரத்தை நெருங்கி உட்காரப் பார்க்கும், ஆனால் வண்டியின் முக்கால் பாகம் இப்போது நமக்கு வலது பக்கம் நீட்டிக்கொண்டிருக்கிறது. ஆகவே நீங்கள் முன் சீட்டில் உட்கார்ந்து வலது பக்கக் கண்ணாடியைப் பார்த்து "ஓரம், ஓரம்" என்று சொல்லிக்கொண்டே வாருங்கள். அவர் கோபித்துக்கொள்வார். பரவாயில்லை.

இன்னொன்று. வழி தெரியாத டிரைவர் அந்த ஊரில் என்ன செய்ய முடியும் என்பதற்குச் சரித்திரமே சாட்சி. 1914 ஜூன் 28 அன்று ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டின் கார் லத்தீன் பாலத்தருகே தப்பான தெருவில் திரும்பியது. பாதையை மாற்றியதை டிரைவரிடம் யாரும் ஒழுங்காகச் சொல்லவில்லை. தப்பு தெரிந்து வண்டியை நிறுத்திய இடத்தில் அவரைக் கொல்லக் காத்திருந்த கவ்ரிலோ பிரின்ஸிப் துப்பாக்கியோடு நின்றிருந்தான், சுட்டுக் கொன்றான். ஒரு மாதத்தில் முதல் உலகப் போர். அந்த கார் இப்போது உங்கள் மகள் இருக்கும் வியன்னாவில், ராணுவ அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. கிளம்பும் முன் இவரைக் கூட்டிப்போய்க் காட்டிவிடுங்கள்.

வாடகைக் கம்பெனி கிரெடிட் கார்டில் பெரிய தொகையைப் பிடித்துவைக்கும் என்கிறார்கள். இன்ஷூரன்ஸ்தான் இருக்கிறதே, அப்புறம் எதற்கு இது? (வாசகர், மதுரை)

இன்ஷூரன்ஸ் இருக்கிறது, ஆனால் முழுசாக இல்லை. நம் ஊர் பாலிசியில் 'கம்பல்சரி எக்ஸஸ்' என்று ஒரு வரி இருக்குமே, க்ளெய்மில் முதல் ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய் உங்கள் தலையில் என்று? அதே சங்கதிதான், தொகைதான் பெரிது. வண்டியைப் பொறுத்துச் சில நூறு யூரோவிலிருந்து ஆயிரத்துக்கு மேலும் போகும். அந்த அளவுக்கு உங்கள் கார்டில் பணத்தை முடக்கிவைப்பார்கள். வண்டி நல்லபடி திரும்பினால் விடுவிப்பார்கள். கார்டு ஓட்டுநர் பெயரில் இருக்க வேண்டும். பல இடங்களில் டெபிட் கார்டு செல்லாது. மனைவி கார்டை நீட்டிக் கவுண்டரில் முழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதைவிட முக்கியம், சாதாரணக் கவரில் டயர், வீல், கண்ணாடி, வண்டியின் அடிப்பாகம் நாலும் பெரும்பாலும் சேராது. மலை ஊரில் அடிபடுவதே அந்த நாலுதான்! நான் உரசியது வீல். 150 யூரோ கட்டினேன். எக்ஸஸ் இல்லாத கூடுதல் கவர் வேண்டுமா என்று கவுண்டரில் இருந்த பெண் இரண்டு தடவை கேட்டார். "நானே சர்வேயர்" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வேண்டாம் என்றேன். நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் மலிவாக விற்கும் வேறு கம்பெனி கவரும் உண்டு, மோசமில்லை. ஆனால் முதலில் நீங்கள் கட்டிவிட்டு, பில்லெல்லாம் அனுப்பி, பிறகு வாங்க வேண்டும். கவுண்டரில் டெபாசிட்டையும் பிடிப்பார்கள்.

சாவி வாங்கியதும் போனில் வீடியோ எடுங்கள். வண்டியைச் சுற்றி ஒரே ஓட்டமாக அல்ல. ஒவ்வொரு சக்கரத்தின் முன்னும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விளிம்பைச் சுற்றி நிதானமாக. அப்புறம் முன் கண்ணாடியில் கல் தெறித்த புள்ளி, பம்பரின் கீழ் உதடு, பெட்ரோல் முள். வெளிச்சம் குறைவாக இருந்தால் வண்டியை வெயிலுக்கு நகர்த்தச் சொல்லுங்கள். ஈரமான காரில் கீறல் தெரியாது. கழுவிய கையோடு கொடுத்தால் ஒரு துணியால் துடைத்துப் பாருங்கள், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். டிக்கியில் முக்கோணம், ஒளிரும் சட்டை, முதலுதவிப் பெட்டி, இழுகயிறு, மாற்று பல்புகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். அந்த நாட்டுச் சட்டப்படி இவை வண்டியில் இருக்க வேண்டும்.

இங்கிருந்து கிளம்பும் முன் ஆர்.டி.ஓ.வில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கிவிடுங்கள். 1000 ரூபாய், ஒரு வருஷம் செல்லும். நம் அசல் லைசென்ஸும் கூடவே இருக்க வேண்டும்.

மோஸ்டார் பாலத்தை ஒரே நாளில் பார்த்துத் திரும்பலாமா? வழியில் எங்கே நிற்பது? (வாசகர், கோயம்புத்தூர்)

திரும்பலாம் தம்பி. சுமார் 130 கிலோமீட்டர், ஆனால் இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நிற்காமல் போனால்! நிற்காமல் போக மனசு வராது. காலை ஏழுக்குக் கிளம்புங்கள். பட்டப்பகலிலும் ஹெட்லைட் எரிய வேண்டும், அது அங்கே சட்டம். வேகம் ஊருக்குள் 50, வெளியே 80, மோட்டார்வேயில் மட்டும் 130. ஊர்ப் பலகை வந்ததும் 50-க்கு இறக்கிவிடுங்கள், வளைவு தாண்டிப் போலீஸ் நிற்பார்கள்.

இவான் கணவாயைத் தாண்டினால் தண்ணீர் திசை மாறுகிறது. அந்தப் பக்கம் விழுந்த மழை டான்யூப் வழியாகக் கருங்கடலுக்கு, இந்தப் பக்கம் விழுந்தது நெரெட்வா ஆற்றோடு அட்ரியாட்டிக்குக்கு. கோன்யிட்ஸில் ஒரு காப்பி. ஊருக்குப் பக்கத்தில் மலைக்குள் அன்றைய யூகோஸ்லாவியாவை ஆண்ட டிட்டோ கட்டிய அணுகுண்டுப் பதுங்கிடம் இருக்கிறது. 1953-இல் ஆரம்பித்து 1979 வரை ரகசியமாகக் குடைந்தது. வழிகாட்டியோடுதான் விடுவார்கள், முன்பதிவு செய்துவிடுங்கள். ஆனால் அதையும் மோஸ்டாரையும் ஒரே நாளில் போட்டால் இரண்டும் அரைகுறை.

நிற்க வேண்டிய இடம் யப்லானிட்சா. சாலையோரம் முழு ஆட்டுக்குட்டியைக் கம்பியில் கோத்துத் தீயில் சுற்றுகிறார்கள். நான் சாப்பிட்ட கடையில் ஓடைத் தண்ணீர் விழும் சக்கரம்தான் கம்பியைச் சுற்றியது, மோட்டார் கிடையாது. கிலோ கணக்கில் விலை. கடைக்காரர் சின்னக் கோடாலியால் எலும்போடு வெட்டி, தட்டில் வெங்காயமும் ரொட்டியும் வைத்துத் தருவார். மசாலா ஒன்றும் இல்லை, உப்புதான். முதல் வாய்க்கு என் மனைவி முகம் சுளித்தாள். பிறகு அரைக் கிலோ கூடக் கேட்டது அவள்தான்.

இந்த யப்லானிட்சாவுக்கு அருகில் 2024 அக்டோபர் மழையில் மலைச்சரிவு இறங்கி வீடுகள் புதைந்தன, உயிர்கள் போயின, சாலையும் ரயில் பாதையும் அறுந்தன. ஆகவே பெருமழை பெய்தால் கிளம்பும் முன் தங்கும் இடத்தில் வழி கேட்டுவிடுங்கள்.

மோஸ்டாரின் பழைய பாலம் 1566-இல் கட்டியது. 1993 நவம்பரில் பீரங்கியால் உடைத்தார்கள். 2004-இல் பழையபடியே கட்டித் திறந்தார்கள். கல் வழவழவென்று தேய்ந்திருக்கிறது, ரப்பர் அடி வைத்த செருப்புப் போட்டுப் போங்கள். பாலத்தின் கைப்பிடிச் சுவரில் ஏறி நிற்கும் இளைஞர், கூட்டத்தில் போதுமான காசு சேர்ந்தால்தான் இருபது மீட்டருக்கு மேல் கீழே இருக்கும் ஆற்றில் குதிப்பார். நேரம் இருந்தால் பிளாகாய் போங்கள், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். செங்குத்துப் பாறையின் அடியிலிருந்து ஒரு ஆறே பிறந்து வருகிறது, ஓரத்தில் சூஃபிகளின் பழைய மடம். இருட்டுவதற்குள் மலைச்சாலையில் திரும்பிவிடுங்கள்.

ஒரு கூச்சமான விஷயம். வழியில் வண்டியை ஓரங்கட்டி, புதர் பக்கம் ஒதுங்குவது நம் ஆட்களுக்குப் பழக்கம். போஸ்னியாவில் அது கூடவே கூடாது. 1992 முதல் 1995 வரை நடந்த போரில் புதைத்த கண்ணிவெடிகள் இன்னும் சில காட்டுப்பகுதிகளில் கிடக்கின்றன. சிவப்புப் பலகையில் மண்டை ஓடு போட்டிருக்கும். பலகை இல்லாத இடத்திலும் தார்ச்சாலையையும் எல்லோரும் நடக்கும் பாதையையும் விட்டு இறங்காதீர்கள். பெட்ரோல் பங்குக்குக் காத்திருங்கள்.

அதே காரில் டூப்ரோவ்னிக் வரை போய் வரலாமா? (வாசகி, சேலம்)

கார் போகும், நீங்கள் திரும்பி வர முடியுமா என்பதுதான் கேள்வி. டூப்ரோவ்னிக் குரோஷியாவில் இருக்கிறது. குரோஷியா 2023 ஜனவரி 1 முதல், ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போய்வரும் ஷெங்கன் பகுதியில் இருக்கிறது, போஸ்னியா அதில் இல்லை. உங்கள் ஷெங்கன் விசா ஒரே தடவை நுழைய என்றால், வியன்னா மாதிரி ஷெங்கன் ஊர் ஒன்றிலிருந்து போஸ்னியாவுக்கு வந்தபோதே அது தீர்ந்துவிட்டது. பல தடவை நுழையும் விசாவாகக் கேட்டு வாங்குங்கள். எல்லை தாண்டப்போவதை வண்டி எடுக்கும்போதே சொல்லி, அனுமதியும் பச்சை அட்டை என்கிற இன்ஷூரன்ஸ் தாளும் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். சொல்லாமல் போய் அங்கே இடித்தால் எந்தக் கவரும் செல்லாது.

சாப்பாட்டோடு ஒரு பீர் குடித்துவிட்டு ஓட்டலாமா? (பெயர் வேண்டாம், திருச்சி)

100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால் வரைதான் அங்கே சட்டம் விடும். நம் ஊர்ச் சட்டத்திலும் அதே அளவுதான், ஆகவே தெரியாது என்று சொல்ல முடியாது. ஊர்ப் பெயரைக் கேட்டதும் என் நண்பர் ஒருவர் 'சாராயமா?' என்று கண் சிமிட்டினார். அது துருக்கிச் சொல் 'சராய்', அரண்மனை என்று பொருள் ஐயா.

டிசம்பர் கடைசியில் போனால் பனி பார்க்கலாமா? கார் எடுக்கலாமா? (வாசகர், தஞ்சாவூர்)

பனி பார்க்கலாம். 1984 குளிர்கால ஒலிம்பிக் நடத்திய ஊர். நவம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை பனிக்கால டயர் கட்டாயம், கம்பெனியே மாட்டித் தரும். டயர் இருந்தாலும் பனியில் பிரேக் பிடித்துப் பழகாத கால் நம்முடையது. கார் வேண்டாம். பழைய ஊரிலிருந்து டிரெபெவிச் மலைக்கு 2018-இல் திரும்ப ஓடத் தொடங்கிய கேபிள் கார் இருக்கிறது, ஏழெட்டு நிமிடம். மேலே இறங்கிக் கொஞ்சம் நடந்தால், அந்த ஒலிம்பிக்குக்குக் கட்டிய சறுக்குவண்டிப் பாதை கான்கிரீட் பாம்பு மாதிரி காட்டுக்குள் கிடக்கும், உடம்பெல்லாம் வண்ணக் கிறுக்கல். கையுறை எடுத்துக்கொள்ளுங்கள்.