டிஸ்சார்ஜ் புக்கில் ஏறாத காயம்

கேள்வி: 1983-ல் ராணுவத்தில் சேர்ந்து 2001-ல் ஹவில்தாராக ஓய்வு பெற்றேன். 1987 அக்டோபரில் அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனேன். டிசம்பரில் ஒரு ரோந்தின்போது இடது தொடையில் ஸ்பிளிண்டர் (குண்டுச் சிதறல்) பாய்ந்தது. ஹெலிகாப்டரில் தூக்கி வந்தார்கள். இரண்டு மாதம் ராணுவ மருத்துவமனையில் கிடந்தேன். ஒரு துண்டு இன்னும் உள்ளேதான் இருக்கிறது. ஆனால் என் டிஸ்சார்ஜ் புக்கில் 9 வருட சர்வீஸ் மெடலும் சுதந்திரப் பொன்விழா மெடலும் மட்டும்தான். இலங்கைக்கான மெடல் இல்லை, காயம்பட்ட விவரமும் இல்லை. "உன் பேரை சேனா மெடலுக்கு அனுப்பியிருக்கிறேன்" என்று சி.ஓ. சாப் (யூனிட்டின் தலைமை அதிகாரி) ஆஸ்பத்திரியில் வந்து சொன்னார், அதுவும் வரவில்லை. அப்போது ஊரில் யாழ்ப்பாணம் என்று வாயெடுத்தாலே முகம் மாறும், அதனால் பேசாமல் இருந்துவிட்டேன். இப்போது பேரன் கேட்கிறான். 18,000 ரூபாய் கொடுத்தால் எல்லாவற்றையும் வாங்கித் தருவதாக ஒருவர் சொல்கிறார். அமெரிக்காவில் 40 வருடம் கழித்துக்கூடப் பதக்கம் கொடுக்கிறார்களாமே, இங்கே முடியாதா? (பி.பி.ஓ. என்கிற ஓய்வூதிய உத்தரவில் மனைவி பெயர் லட்சுமி, ஆதாரில் விஜயலட்சுமி. இதுவும் ஒரு சின்னத் தவறு.)
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், வேலூர் மாவட்டம்

பதில்: ஹவில்தார் ஐயா, வணக்கம். கடைசியில் அடைப்புக்குறிக்குள் போட்டீர்களே ஒரு வரி, அங்கிருந்து ஆரம்பிக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மனைவியின் பெயர் சின்னத் தவறு இல்லை. உங்கள் கடிதத்தில் இருக்கும் எல்லாவற்றிலும் அவசரமானது அதுதான். நீங்கள் இருக்கும்வரை அதனால் ஒரு தொந்தரவும் வராது, பென்ஷன் மாதாமாதம் வந்துகொண்டே இருக்கும். உங்களுக்குப் பிறகு குடும்ப ஓய்வூதியம் கேட்டு அந்த அம்மா போய் நிற்கும்போது, "பி.பி.ஓ.-வில் இருக்கிற லட்சுமி யார்? நீங்கள் விஜயலட்சுமிதானே?" என்பார்கள். அப்போது கையெழுத்துப் போட நீங்கள் இருக்க மாட்டீர்கள். நானும் ராணுவத்தில் கிளார்க்காக இருந்தவன். இந்த ஒரு காரணத்துக்காகப் பையைத் தூக்கிக்கொண்டு அலைந்த அம்மாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நம் பெயர்களை அங்கே வெட்டி ஒட்டுவது புதிதும் இல்லை. வடக்கத்திக் கிளார்க்குக்கு இனிஷியல் என்றால் என்னவென்றே புரியாது. 'பழனிச்சாமி'யைப் 'பழனி', 'சாமி' என்று இரண்டு பெயராக்கி, சாமியைக் குடும்பப் பெயராக ஏற்றிய ஷீட் ரோல்களை, அதாவது சிப்பாயின் சேவைப் பதிவேடுகளைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இதைத் திருத்துவது கஷ்டமில்லை. இரண்டு பெயரும் ஒரே ஆளுடையதுதான் என்று ஒரு பிரமாணப் பத்திரம், ஆதார் நகல், திருமணத்துக்கான ஆதாரம், டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. நகல்கள். இவற்றோடு உங்கள் கையெழுத்திட்ட விண்ணப்பத்தை மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கொடுங்கள். அங்கிருக்கும் உதவி இயக்குநர் வழியாக அது, உங்கள் ரெஜிமெண்டின் ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸ் போகும். ரெக்கார்ட் ஆபீஸ் பெயரைத் திருத்திய பிறகு, திருத்திய பி.பி.ஓ. வரும். 'கரிஜெண்டம்' என்பார்கள். அது கைக்கு வந்த பிறகு ஸ்பர்ஷ் என்ற ராணுவ ஓய்வூதிய இணையதளத்தில் உங்கள் கணக்கைத் திறந்து, அங்கும் பெயர் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். காகிதத்தில் மாறி, கம்ப்யூட்டரில் மாறாமல் கிடப்பது உண்டு.

சரி, இனி யாழ்ப்பாணம்.

நீங்கள் மூன்று விஷயங்களை ஒன்றாகக் கட்டிக் கேட்டிருக்கிறீர்கள். ராணுவத்தைப் பொறுத்தவரை அவை மூன்றும் வேறுவேறு. இலங்கையில் பணியாற்றியதற்கான ஸ்பெஷல் சர்வீஸ் மெடலும், அதன் ரிப்பனில் ஏறும் 'ஸ்ரீலங்கா' என்ற கிளாஸ்ப்பும் (சிறு உலோகப் பட்டை) உங்கள் உரிமை. அங்கே பணியாற்றியவர்களுக்கு என்று ஏற்படுத்தியது. யாரும் பெரிய மனது வைத்துத் தர வேண்டியதில்லை. எதிரியின் நேரடித் தாக்குதலில் காயப்பட்டவருக்கான வூண்ட் மெடலும் அப்படித்தான். இந்தியில் 'பராக்கிரம் பதக்' என்பது இதைத்தான். சேனா மெடல் அந்த வகையில்லை. அதைக் கடைசியில் பேசுவோம், ஏனென்றால் அங்கே உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உரிமை என்றாலும் அதற்குக் காகிதம் வேண்டும். அந்தக் காகிதத்தின் பெயர் பார்ட் டூ ஆர்டர். உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். சிப்பாய்க்குக் கல்யாணம் ஆனால், பிள்ளை பிறந்தால், லீவில் போனால், ஆஸ்பத்திரியில் சேர்ந்தால், குண்டடி பட்டால், ஒவ்வொன்றுக்கும் யூனிட் ஓர் உத்தரவு வெளியிடும். அதன் நகல் ரெக்கார்ட் ஆபீசுக்குப் போய், அவருடைய ஷீட் ரோலில் ஏறும். ஷீட் ரோலில் ஏறாத எதுவும் ராணுவத்தைப் பொறுத்தவரை நடக்கவே இல்லை. தொடையில் இரும்பு கிடந்தாலும் அதுதான் நிலைமை.

ஏறாமல் போவது எப்படி? ஒரு சம்பவம் சொல்கிறேன். எந்த யூனிட் என்று கேட்காதீர்கள். டெண்டுக்குள் ஒரு பழைய டைப்ரைட்டர், நான்கு கார்பன். மேல் தாள் பளிச்சென்று இருக்கும், நான்காவது தாளில் எழுத்தெல்லாம் மை ஊறிய கறையாக இருக்கும். ரெக்கார்ட் ஆபீசுக்குப் போனது அந்த நான்காவது தாள். காயம்பட்டவரின் ஆர்மி நம்பரில் இருந்த 3, அங்கே உட்கார்ந்திருந்தவர் கண்ணுக்கு 8 ஆகத் தெரிந்தது. காயம் வேறொருவருடைய ஷீட் ரோலில் போய் உட்கார்ந்துவிட்டது. சமையலறையில் வேலை பார்த்த மனிதர் அவர், உடம்பில் ஒரு கீறல் கிடையாது. மெடல் ரோல் (மெடல் பெறுவோர் பட்டியல்) தயாரிக்கும்போது அவரே வந்து, "சாப், எனக்கு எப்ப சாப் அடிபட்டுது?" என்று கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அவர் கேட்காமல் இருந்திருந்தால்?

அதனால் முதல் கடிதத்திலேயே "எனக்கு மெடல் கொடுங்கள்" என்று எழுதாதீர்கள். "என் ஆவணங்களின் நகலைக் கொடுங்கள்" என்று எழுதுங்கள். ஷீட் ரோல், 1987 அக்டோபர் முதல் 1988 மார்ச் வரை உங்கள் பெயரில் வெளியான பார்ட் டூ ஆர்டர்கள், மருத்துவமனையில் இருந்த காலத்தின் மருத்துவ ஆவணங்கள், ஓய்வுபெறும்போது நடந்த ரிலீஸ் மெடிக்கல் போர்டின் அறிக்கை. இந்த நான்கும் போதும். எந்த ரெஜிமெண்ட் என்று நீங்கள் எழுதவில்லை, கடிதம் எந்த ஊர் ரெக்கார்ட் ஆபீசுக்குப் போக வேண்டும் என்பது அதைப் பொறுத்தது. மெட்ராஸ் ரெஜிமெண்ட் என்றால் நீலகிரியில் வெலிங்டன், மெட்ராஸ் சாப்பர்ஸ் என்றால் பெங்களூரு, பீரங்கிப் படை என்றால் நாசிக், சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர். சாதாரணக் கடிதத்துக்குப் பதில் வரவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர், 30 நாளில் பதில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் மேல்முறையீடு. ஆங்கிலத்தில் எழுதினால் வேலை சீக்கிரம் நடக்கும், பேரனை எழுதச் சொல்லுங்கள். 18,000 ரூபாய் ஆசாமி செய்யப்போவதும் இந்த 10 ரூபாய் வேலையைத்தான். அவரிடம் ஆதார் நகல், ஸ்பர்ஷ் பாஸ்வேர்டு, போனுக்கு வரும் ஓ.டி.பி. எதையும் கொடுத்துவிடாதீர்கள். மெடல் வராததுகூடப் பரவாயில்லை, பென்ஷன் வேறு கணக்குக்குத் திரும்பிவிடும்.

பழைய ஆவணங்கள் இருக்குமா என்ற சந்தேகம் வரும். பென்ஷன் இல்லாமல் வெளியே வந்தவர்களின் ஆவணங்களை 25 ஆண்டுகளுக்குப் பிறகு அழித்துவிடுவார்கள், லாங் ரோல் என்ற பெரிய பதிவேடு மட்டும் நிரந்தரமாக இருக்கும். நீங்கள் பென்ஷன் வாங்குபவர் என்பதால் ஷீட் ரோல் இருக்கவே வாய்ப்பு அதிகம்.

வந்த நகலில் காயம் ஏறியிருந்தால், டிஸ்சார்ஜ் புக்கில் எழுத விட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்தப் பக்கத்தைக் காட்டி இரண்டு மெடலையும் கேட்கலாம். ஏறவில்லையென்றால் சுற்றி வளைத்துத்தான் போக வேண்டும். இந்த இடத்தில் உங்கள் அமெரிக்கக் கேள்விக்கு வருகிறேன். 1973 ஜூலையில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் இருந்த அவர்களுடைய ஆவணக் காப்பகம் தீப்பிடித்து எரிந்தது. 1 கோடியே 60 லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களின் கோப்புகள் போயின. அதற்குப் பிறகு அவர்கள் சம்பளப் பட்டியல், மருத்துவமனைப் பதிவு, யூனிட்டின் காலை அறிக்கை என்று வேறு வேறு இடங்களில் ஒதுங்கிக் கிடந்த காகிதங்களைச் சேர்த்துத்தான் பலருடைய சேவைக் காலத்தை மறுபடி எழுப்பினார்கள். நீங்கள் செய்ய வேண்டியதும் அதுதான். உங்களைத் தூக்கி ஹெலிகாப்டரில் ஏற்றியவர் யாராவது உயிரோடு இருக்கிறாரா? அவரிடம் ஒரு பிரமாணப் பத்திரமும், அதே யூனிட், அதே காலம் என்று காட்டும் அவருடைய டிஸ்சார்ஜ் புக் நகலும் வாங்குங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு எழுதிய இன்லேண்ட் லெட்டர் தகரப்பெட்டியில் கிடந்தால் எடுத்து வையுங்கள். அதில் தபால் முத்திரைத் தேதி இருக்கும். முன்னாள் படைவீரர்களுக்கான ஈ.சி.எச்.எஸ். பாலிகிளினிக்கில் தொடைக்கு ஒரு எக்ஸ்ரே எடுத்துக்கொள்ளுங்கள். படத்தில் இரும்பு வெள்ளையாகத் தெரியும். ஆனால் எக்ஸ்ரேவில் இரும்பு இருப்பதுதான் தெரியும்; எந்த வருடம் ஏறியது என்று தெரியாது. தேதிக்கு மற்ற காகிதங்கள் வேண்டும்.

ஒன்றைக் கவனித்துக்கொள்ளுங்கள். மெடல் வந்தால் பென்ஷன் தானாக ஏறிவிடும் என்று டீக்கடையில் சொல்வார்கள். ஏறாது. காயத்துக்கான பென்ஷன் வேறு பாதை. ரிலீஸ் மெடிக்கல் போர்டு உங்கள் காலைப் பற்றி என்ன எழுதியது, ஊனத்துக்கு எத்தனை சதவீதம் போட்டது என்பதைப் பொறுத்தது. அதனால்தான் அந்த அறிக்கையையும் கேட்கச் சொன்னேன். அதில் உங்களுக்குச் சாதகமாக ஏதாவது இருந்து, அலுவலக வழியில் கேட்டும் மறுத்துவிட்டால், 2007-ம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த ஆயுதப்படைத் தீர்ப்பாயம் இருக்கிறது, சென்னையிலேயே கிளை உண்டு. வக்கீல் இல்லாமல் நீங்களே நின்று பேசவும் சட்டம் இடம் கொடுக்கிறது. காலதாமதத்துக்குப் பயப்பட வேண்டாம். 1983-ல் ஊனத்தோடு வெளியே அனுப்பப்பட்டு 1999-ல் வழக்குப் போட்ட தர்செம் சிங் என்ற வீரரின் வழக்கில், 2008-ல் உச்ச நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாக்கியது. பென்ஷன் மாதாமாதம் தொடரும் பாத்தியதை என்பதால் தாமதமாக வந்தாலும் கேட்கலாம். ஆனால் பழைய பாக்கி, வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கு மட்டும்தான். தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் அந்த மூன்று வருடக் கணக்கு நகர்ந்துகொண்டே இருக்கும்.

தாமதத்துக்குக் காரணம் எழுத வேண்டி வந்தால், எனக்கு எழுதியதையே அப்படியே எழுதுங்கள். 1990 மார்ச்சில் அமைதிப்படையின் கடைசி அணி சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது மாநில முதல்வரே வரவேற்கப் போகவில்லை. ஈழத்தமிழர் பட்ட பாட்டை நினைத்து எடுத்த முடிவு அது. சரியா தவறா என்று இந்தப் பக்கத்தில் நான் சொல்லப்போவதில்லை. தமிழ் பேசும் சிப்பாய் அன்றைக்கு வாய் திறக்காமல் இருந்ததில் ஆச்சரியம் என்ன இருக்கிறது?

இனி சேனா மெடல். சி.ஓ. சாப் சொன்னது பொய்யாக இருக்காது. பெயரை அனுப்பியிருப்பார். அவர் எழுதியது பிரிகேட், டிவிஷன் என்று ஒவ்வொரு படியாக ஏறி, டெல்லித் தலைமையகத்தில் கமிட்டி பார்த்து, கடைசியில் குடியரசுத் தலைவர் ஒப்புதலோடு ஜனவரி 26 அல்லது ஆகஸ்ட் 15 பட்டியலில் வர வேண்டும். ஒவ்வொரு படியிலும் பெயர்கள் உதிரும். இது உரிமை கிடையாது, அரசு பார்த்துக் கொடுக்கும் கௌரவம். சிபாரிசு போனது என்பதை வைத்து, இத்தனை வருடம் கழித்து யாரும் வாங்கித் தர முடியாது. அமெரிக்காவில் 1946-லேயே ராணுவப் பதிவுகளைத் திருத்துவதற்கென்று சட்டப்படி தனி வாரியம் வைத்தார்கள். பழைய பதக்கங்களை மறு ஆய்வு செய்யச் சொல்லி அவர்கள் நாடாளுமன்றமான காங்கிரஸே உத்தரவு போட்டு, 2014 மார்ச்சில் ஒரே நாளில் 24 பேருக்கு அவர்களுடைய மிக உயர்ந்த பதக்கம் கிடைத்தது, பெரும்பாலும் இறந்த பிறகு. அப்படி ஒரு வாரியம் நம்மிடம் இல்லை. இருக்க வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் இல்லாததை நம்பி உங்களை அலையவிட எனக்கு மனமில்லை. ஒன்று மட்டும் செய்யலாம். 1988 முதல் 1990 வரையிலான இந்திய அரசிதழில் விருதுப் பட்டியல்களை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். உங்கள் பெயரை ஒரு எழுத்து மாற்றி அச்சடித்திருந்தாலும் அது பதிவாகிவிட்ட விருதுதான். பெரிய நம்பிக்கை வைக்காதீர்கள்.

பேரனுக்காகக் கடையில் மெடல் வாங்கி மாட்டிக்கொள்ளலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் இருந்திருக்கும். வரவேண்டிய மெடல் வருவதற்குள், கடையில் வாங்கி மாட்டிக்கொள்பவர்கள் படையிலேயே நிறையப் பேர் உண்டு. நீங்கள் முதலில் ஷீட் ரோலில் அந்த வரியை ஏற்றுங்கள், பிறகு கடைக்குப் போகலாம். அரசு அனுப்பும் மெடல் பார்சலில் வந்தால், பேரன் கையில் கொடுப்பதற்கு முன்னால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். நம்பரும் பெயரும் வெட்டியிருந்தால் ஒவ்வொரு எழுத்தாகச் சரிபாருங்கள். 3 எங்கேயாவது 8 ஆகியிருந்தால் அந்த வாரமே திருப்பி அனுப்பிவிடுங்கள்.