தொலைநோக்கியைப் பரணில் ஏற்றிய பேராசிரியை

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். எனக்கு வயது 47. பொறியியல் கல்லூரி ஒன்றில் மின்னியல் துறையில் இணைப் பேராசிரியையாக இருக்கிறேன். பாடம் எடுக்கத் தொடங்கி 19 வருடங்கள் ஆகின்றன. எத்தனை பேர் முன்னாலும் தயங்காமல் பேசுகிறவள் நான். இந்தக் கடிதத்தைத் தொடங்க மட்டும் மூன்று நாள் பிடித்தது.

பேராசிரியர் பதவிக்கு இரண்டு முறை நேர்காணலுக்குப் போனேன். முதல் முறை, ஆராய்ச்சிக் கட்டுரைகள் போதவில்லை என்றார்கள். சரி, நியாயம்தான் என்று எடுத்துக்கொண்டேன். அடுத்த நான்கு வருடம் இரவு பகல் பார்க்காமல் உழைத்துக் கட்டுரைகளைச் சேர்த்தேன். இரண்டாவது முறை, "துறைக்கு வெளியே உங்களை யாருக்கும் தெரியவில்லையே" என்றார் குழுவில் ஒருவர். பதவி என்னைவிட ஏழு வயது இளையவருக்குப் போனது. அவர் நல்ல மனிதர், திறமைசாலியும்கூட. அதனால் அவரைத் திட்டி மனத்தை ஆற்றிக்கொள்ளும் வசதிகூட எனக்கு இல்லை.

அந்த நான்கு வருடத்தில் வேறு என்னென்ன செய்தேன் என்று எண்ணிப் பார்த்தேன். தர மதிப்பீட்டுக் கோப்புகள், தேர்வுக் குழு, மாணவர் குறைதீர்ப்பு, கருத்தரங்குக்கு வருகிறவர்களை வரவேற்பது, அப்புறம் எல்லாக் கூட்டத்துக்கும் குறிப்பு எழுதுவது. "மேடம் எழுதினால்தான் தெளிவாக இருக்கும்" என்பார்கள். அதைக் கேட்டு உள்ளுக்குள் பெருமைப்பட்டேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. ஒளி மாறும் விண்மீன்களைப் பார்த்துக் குறித்து வைப்பது. திமிங்கில விண்மீன் குழுவில் மீரா என்று ஒன்று இருக்கிறது. ஏறத்தாழ 332 நாளுக்கு ஒரு முறை வெறும் கண்ணுக்கே தெரியும் அளவுக்குப் பிரகாசமாகி, பிறகு தொலைநோக்கி இல்லாமல் பார்க்க முடியாதபடி மங்கிப்போகும். ஒளியளவு தெரிந்த பக்கத்து விண்மீன்களோடு ஒப்பிட்டு, இன்றைக்கு அது எவ்வளவு என்று கண்ணாலேயே மதிப்பிட வேண்டும். இருட்டுக்குக் கண் பழகவே அரை மணி நேரம் ஆகும். முந்தைய மதிப்பைப் பார்க்காமல் புதிய மதிப்பை எழுத வேண்டும், இல்லாவிட்டால் பழைய எண் கண்ணை ஏமாற்றிவிடும். விண்மீன் தெரியாமல் போனாலும் விட்டுவிடுவதில்லை. '9.8 அளவை விட மங்கல்' என்று எழுதி வைப்போம். அதுவும் தரவுதான். 11 வருடமாக நோட்டு வைத்திருக்கிறேன். 1911-ல் தொடங்கிய அமெரிக்க மாறொளி விண்மீன் நோக்குநர் சங்கத்தின் தொகுப்புக்கு என் மதிப்பீடுகளை அனுப்பியும் வந்தேன்.

இரண்டாவது நேர்காணலின் முடிவு வந்த இரவு என் கணவர், "மாடியில் செலவழித்த நேரத்தைக் கட்டுரைக்குக் கொடுத்திருந்தால்..." என்று ஆரம்பித்துவிட்டு நிறுத்திக்கொண்டார். முடித்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன். மறுநாள் காலை தொலைநோக்கியைப் பெட்டியில் வைத்துப் பரணில் ஏற்றினேன். எட்டு மாதம் ஆகிறது. மிச்சமான நேரத்தில் கட்டுரை எழுதினேனா என்றால், ஒரு வரிகூட இல்லை. மற்றவர்களின் பதவி உயர்வுக்கு வரும் வாழ்த்துகளை அலைபேசியில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மூன்று மாதமாக விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. அதன் பிறகு தூக்கம் இல்லை.

போன வாரம் வகுப்பில் கிளார்க் உருமாற்றம் நடத்தினேன். மூன்று பேஸ் மின்சாரக் கணக்கை இரண்டு அச்சுக்குக் கொண்டுவந்து எளிதாக்கும் முறை அது. "யார் மேடம் இந்த கிளார்க்? வேறு என்ன செய்திருக்கிறார்?" என்று ஒரு மாணவி கேட்டாள். "எடித் கிளார்க். ஒரு பெண்மணி" என்றேன். வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. வருடா வருடம் அந்த இடத்தில் எனக்கு ஒரு சந்தோஷம் வரும். இந்த முறை எதுவும் வரவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

வேலையை விட்டுவிடவா, இல்லை விண்மீன் பார்ப்பதை அடியோடு விட்டுவிடவா? இரண்டையும் வைத்துக்கொள்ள எனக்குத் தகுதி இல்லை என்று தோன்றுகிறது.

பெயர் வேண்டாமே,
ஒரு வாசகி

*

அன்புள்ள தோழிக்கு,

எதை விடுவது என்று கேட்கிறீர்கள். ஒன்றைத்தான் ஏற்கெனவே விட்டுப் பார்த்துவிட்டீர்களே! எட்டு மாதம் தொலைநோக்கி பரணில் இருந்தது. கட்டுரை ஒரு வரிகூட நகரவில்லை. உங்கள் மாணவர் யாராவது இந்தப் பரிசோதனை முடிவைக் கொண்டுவந்து, "தடையாக இருந்தது தொலைநோக்கிதான்" என்று எழுதியிருந்தால் சிவப்பு மையில் அடித்திருப்பீர்கள். நேரத்தை மிச்சம் பிடிக்க நீங்கள் அதைப் பரணில் ஏற்றவில்லை. தோற்றதற்குத் தண்டனையாகத்தான் ஏற்றினீர்கள் என்று எனக்குப் படுகிறது.

மற்றதைப் பேசுவதற்கு முன்னால், அந்த மூன்று மணி விழிப்பு. மூன்று மாதமாகத் தூக்கம் கெட்டிருக்கிறது, எப்போதும் மகிழ்ச்சி தந்த இடத்தில் எதுவும் வரவில்லை. இந்த மாதிரி அறிகுறிகள் இரண்டு வாரம் நீடித்தாலே மருத்துவரைப் பார்க்கச் சொல்வோம். நீங்கள் மூன்று மாதம் பொறுத்திருக்கிறீர்கள். இது மனச்சோர்வாக இருக்கலாம். 47 வயதில் மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய ஹார்மோன் மாற்றங்களும் இப்படித் தூக்கத்தைக் கலைக்கும். தைராய்டு கோளாறும் மனத்தைச் சோர்வாக்கும். எது என்று கடிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. இந்த வாரமே ஒரு மருத்துவரைப் பாருங்கள், ரத்தப் பரிசோதனை தேவையா என்று அவரிடம் கேளுங்கள். உயிரோடு இருந்து என்ன பயன் என்ற நினைப்பு எப்போதாவது தலைகாட்டினால், ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் மனநல மருத்துவரிடம் போங்கள். வீட்டில் ஒருவரிடமாவது அதைச் சொல்லியும் விடுங்கள்.

மங்கிப்போய்த் திரும்பி வரும் மீராவைக் காட்டி உங்களுக்கு ஆறுதல் சொல்லலாம் என்று ஒரு கணம் ஆசை வந்தது. வேண்டாம், அது மீராவுக்கே அநியாயம். உங்கள் பதவி உயர்வு 332 நாளில் தானாக வரப்போவதில்லை. என் கண் நின்றது உங்கள் நோட்டில்தான். விண்மீன் தெரியாத இரவில் 'செத்துவிட்டது' என்று எழுதுகிறவர் இல்லை நீங்கள். எந்த அளவு வரை தெரிந்தது, எதற்குக் கீழே தெரியவில்லை என்று துல்லியமாகக் குறிக்கிறவர். அப்படிப்பட்டவர் நேர்காணலைப் பற்றி மட்டும் 'தகுதி இல்லை' என்று இரண்டே சொல்லில் முடித்துவிட்டீர்கள். உங்கள் நோட்டில் இப்படி ஒரு பதிவு இருந்தால் அந்தச் சங்கம் ஏற்குமா?

சரியாக எழுதினால் அது இப்படி இருக்கும்: முதல் முறை கட்டுரை எண்ணிக்கை குறைவு, அது சரிசெய்யப்பட்டது. இரண்டாவது முறை வெளித்தொடர்பு போதவில்லை என்று ஒருவர் வாய்மொழியாகச் சொன்னார். மற்ற உறுப்பினர்கள் என்ன நினைத்தார்கள் என்பது தெரியாது. அவ்வளவுதான் நம் கையில் இருக்கும் தரவு. மேற்கொண்டு தெரிய, மதிப்பீட்டு அளவுகோலையும் உங்கள் விஷயத்தில் சொல்லப்பட்ட காரணங்களையும் எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள். கேட்பதே தோல்வியை மறுபடி ஒப்புக்கொள்வதுபோல் இருக்கிறது என்று பலரும் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். இருந்தாலும் கேளுங்கள். முந்தைய மதிப்பைப் பார்க்காமல் எழுத வேண்டும் என்ற விதியும் உங்களுடையதுதான். இரண்டாவது நேர்காணல் அறைக்குள் முதலாவதன் எண்ணைக் கையில் எடுத்துக்கொண்டு நுழைந்தீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இப்போது அந்தக் கூட்டக் குறிப்புகள். லிண்டா பாப்காக் உள்ளிட்ட நான்கு ஆய்வாளர்கள் 2017-ல் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டார்கள். முன்பின் தெரியாத மூன்று பேர் ஒரு குழு. யாராவது ஒருவர் ஒரு பட்டனை அழுத்த வேண்டும். அழுத்தாத இருவருக்குத்தான் அதிகப் பணம், அழுத்துகிறவருக்குக் குறைவு, யாருமே அழுத்தாவிட்டால் மூவருக்கும் இன்னும் குறைவு. ஆணும் பெண்ணும் கலந்த குழுக்களில் ஆண்களைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பெண்கள் முன்வந்து அழுத்தினார்கள். பெண்கள் மட்டும் இருந்த குழுவையும் ஆண்கள் மட்டும் இருந்த குழுவையும் ஒப்பிட்டபோது அந்த வித்தியாசத்தைக் காணோம். எனவே 'பெண்களுக்கே உதவும் குணம் அதிகம்' என்ற கதை இங்கே நிற்காது. அவள் செய்துவிடுவாள் என்று மற்றவர்கள் காத்திருக்கிறார்கள், அவளுக்கும் அது தெரிந்திருக்கிறது. உங்கள் துறையில் அந்தப் பட்டனுக்கு 'மேடம் எழுதினால்தான் தெளிவாக இருக்கும்' என்று பெயர்.

இதில் உங்களுக்குப் பெருமை இருந்தது என்று ஒளிக்காமல் எழுதியது எனக்குப் பிடித்தது. அந்தப் பெருமைதான் விட முடியாமல் செய்கிறது. திடீரென்று எல்லாவற்றையும் மறுக்க வேண்டாம், அது உங்கள் இயல்பும் இல்லை. குறிப்பு எழுதுவதைச் சுழற்சி முறையில் வைக்கலாம் என்று அடுத்த கூட்டத்திலேயே சொல்லுங்கள், முதல் முறைக்கு இன்னொருவர் பெயரையும் நீங்களே முன்மொழியுங்கள். மிச்சமாகும் மணிகளை வெளியே தெரியும் வேலைக்குக் கொடுங்கள். வேறு கல்லூரியோடு கூட்டு ஆய்வு, கருத்தரங்கில் பேசுவது, இதழ்களுக்குக் கட்டுரை மதிப்பாய்வு செய்வது எல்லாம் அதில் சேரும். அந்த உறுப்பினர் சொன்ன குறையில் பாதி உண்மை இருந்தால் அதற்கும் மருந்து இதுதான்.

எடித் கிளார்க்கின் பெயரை நீங்கள் எழுதியதால் அவரைப் பற்றித் தேடிப் படித்தேன். சாதித்த பெண்களின் கதையை ஆறுதலுக்குச் சொல்வது எனக்கு அவ்வளவாகப் பிடிக்காது. கேட்பவருக்கு 'எனக்கு மட்டும் முடியவில்லையே' என்றுதான் தோன்றும். ஆனால் இவர் கதையில் ஒரு வருடம் என்னை நிறுத்தியது. 1919-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் மின்பொறியியலில் முதுகலைப் பட்டம் வாங்கிய முதல் பெண் அவர். பொறியாளர் வேலை கிடைக்கவில்லை. ஜெனரல் எலக்ட்ரிக்கில் கணக்குப் போடும் பெண்களை மேற்பார்வை பார்க்கும் வேலைதான் கிடைத்தது. 1921-ல் அதை விட்டுவிட்டு, கான்ஸ்டாண்டினோபிளில் (இன்றைய இஸ்தான்புல்) ஒரு பெண்கள் கல்லூரியில் இயற்பியல் கற்பிக்கப் போய்விட்டார். அடுத்த வருடம் திரும்பியபோது அதே நிறுவனம் பொறியாளர் பதவி கொடுத்தது. பணியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, 1947-ல், 64 வயதில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 64 வரை காத்திருங்கள் என்று சொல்ல வரவில்லை! அந்த 1921-ஐப் பாருங்கள். போனது தண்டனையாக அல்ல, வேறு ஊருக்கும் வேறு வேலைக்கும். நீங்கள் வேலையை விடுவதாக இருந்தாலும் ஓர் இடத்தை நோக்கிப் போகிறவராக விட வேண்டும். இப்போது உங்கள் கடிதத்தில் தப்பித்தால் போதும் என்பதுதான் தெரிகிறது, போகும் இடம் தெரியவில்லை. தூக்கம் ஒழுங்காகி, எழுத்துப்பூர்வமான காரணங்களும் கைக்கு வந்த பிறகு இந்தக் கேள்வியை மறுபடி எடுங்கள். அதுவரை ராஜினாமாக் கடிதம் வேண்டாம்.

உங்கள் கணவர் பாதியில் நிறுத்திய வாக்கியத்தை எட்டு மாதமாக நீங்கள்தான் தினமும் முடித்துக்கொண்டிருக்கிறீர்கள். அவரிடமே கேட்டுவிடுங்கள். அன்றைக்கு உங்களோடு சேர்ந்து அவருக்கும் ஏமாற்றம், வாய்க்கு வந்ததைச் சொல்லியிருக்கலாம். உண்மையாகவே அப்படித்தான் நினைக்கிறார் என்றால் அதையும் நேரில் பேசித் தீர்க்கலாம், ஊகத்தோடு பேசத்தான் முடியாது.

வேலைக்குப் பிறகு மனம் எப்படி மீள்கிறது என்று சபீன் சோனென்டாக், ஷார்லட் ஃப்ரிட்ஸ் என்ற இரு உளவியலாளர்கள் ஆராய்ந்திருக்கிறார்கள். 2007-ல் அவர்கள் உருவாக்கிய அளவுகோலில் நான்கு விஷயங்கள் வருகின்றன: வேலையிலிருந்து மனம் விலகுவது, தளர்ந்து ஓய்வெடுப்பது, புதிதாக ஒன்றில் தேர்ச்சி பெறுவது, தன் நேரம் தன் கையில் இருப்பது. அலைபேசியில் அடுத்தவர் பதவி உயர்வைப் பார்க்கும் ஒரு மணி நேரத்தை இந்த நான்கில் எதில் சேர்ப்பீர்கள்? மாடியில் நான்கும் இருந்தன. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். விண்மீன் பார்த்தால் கட்டுரை நன்றாக வரும் என்ற கணக்கோடு மேலே போகாதீர்கள். அங்கேயும் ஒரு நேர்காணல் குழு வந்து உட்கார்ந்துவிடும்.

முதலில் வாரம் ஓர் இரவு போதும், அதுவும் தூங்கும் நேரத்தைத் தின்னாமல், முன்னிரவில். எழுத முடிந்தால் எழுதுங்கள், இல்லாவிட்டால் சும்மா பார்த்துவிட்டு இறங்குங்கள். பெட்டியை இறக்கியதும் கண்ணாடிகளில் பூஞ்சை படிந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். எட்டு மாதம் மூடியே கிடந்திருக்கிறது. என் பழைய கேமரா லென்ஸ் ஒன்று இப்படிக் கவனிக்காமல் விட்டுத்தான் வீணாகப் போனது.