கறுத்துப்போன வெள்ளி கலப்படமா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: 925 என்று பொறித்த சங்கிலி ஒன்றை வாங்கினேன். இரண்டே மாதத்தில் கறுத்துவிட்டது. கலப்படம் என்று கொள்ளலாமா? (மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: கறுத்ததை மட்டும் வைத்து அந்த முடிவுக்கு வர இயலாது. 925 என்பது ஆயிரம் பங்கில் 925 பங்கு வெள்ளி என்பதைக் குறிக்கும். மீதமுள்ள 75 பங்கு பெரும்பாலும் செம்பு. சுத்த வெள்ளி மிகவும் மென்மையானது என்பதால், அன்றாடம் அணியும் சங்கிலியின் கண்ணிகள் நெளியாமல் இருக்க இந்தச் செம்பு சேர்க்கப்படுகிறது. காற்றில் மிகச் சிறிய அளவில் கலந்திருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு வெள்ளியோடு சேரும்போது வெள்ளி சல்பைடு என்னும் கறுப்புப் படலம் உண்டாகிறது. கழிமுகச் சேற்றைக் கிளறினால் எழும் அழுகிய முட்டை வாடை இந்த வாயுவினுடையதுதான். ஈரக்காற்று இதனை விரைவுபடுத்தும் என்பதால், கடலோர ஊர்களில் வெள்ளி சீக்கிரம் கறுப்பதில் வியப்பில்லை. 999 தரமும் கறுக்கத்தான் செய்யும். உடம்புச் சூட்டினால் கறுக்கிறது என்ற பேச்சையும் நான் ஏற்பதில்லை.

தரத்தில் ஐயம் இருந்தால் முத்திரையைப் பாருங்கள். வெறும் 925 என்ற எண்ணை எவரும் பொறித்துவிடலாம். பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரையும் உடன் இருக்க வேண்டும். 2025 செப்டம்பர் 1 முதல் முத்திரையிடப்படும் வெள்ளி நகைகளுக்கு 6 இலக்க அடையாளக் குறியீடும் தரப்படுகிறது. அதனை பிஐஎஸ் கேர் செயலியில் சரிபார்க்கலாம். ஆனால் வெள்ளிக்கு அம்முத்திரை அப்போது கட்டாயமாக்கப்படவில்லை என்பதால், கேட்டு வாங்குவது நம் பொறுப்பு.

கேள்வி: வீட்டிலேயே எப்படிச் சுத்தம் செய்வது? பற்பசை, திருநீறு என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். (முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

பதில்: பற்பசை வேண்டாம், அதிலுள்ள நுண்துகள்கள் மெருகைக் கீறிவிடும். பூசைக் குத்துவிளக்கைத் திருநீற்றால் துலக்குவது நம் வீடுகளில் காலங்காலமாக உள்ள வழக்கம். அதனைக் குறை சொல்ல மாட்டேன், ஆனால் கண்ணாடிபோல் மெருகேற்றிய நகைக்கு அது ஏற்றதன்று. வெறும் அழுக்கென்றால் பூந்திக்கொட்டை ஊறிய வெதுவெதுப்பான நீரும் மென்மையான தூரிகையும் போதும். கொலுசின் முத்துகளுக்கிடையே சேரும் மஞ்சளும் சோப்பும் அதிலேயே போய்விடும்.

கறுப்பு முற்றியிருந்தால், கிண்ணத்தின் உட்புறம் அலுமினியத் தாளை விரித்து, நகையை அதன்மேல் படும்படி வைத்து, ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கரைத்த கொதிநீரை ஊற்றுங்கள். சிறிது நேரத்தில் லேசான முட்டை வாடை வரும்; கந்தகம் வெள்ளியை விட்டுப் பிரிகிறது என்பதற்கு அதுவே அடையாளம். தேய்க்கும்போது வெள்ளியும் சிறிது போய்விடும். இம்முறையிலோ கறுப்பிலிருந்த வெள்ளி நகையிலேயே தங்கிவிடுகிறது. பிறகு நல்ல தண்ணீரில் அலசி, பருத்தித் துணியால் ஈரம் போக ஒற்றி எடுங்கள்.

முத்து, பவளம், ஒட்டுக் கல் பதித்தவற்றுக்கும், வேலைப்பாடு எடுப்பாகத் தெரிவதற்காக வேண்டுமென்றே கறுப்பேற்றிய ஆக்சிடைஸ்டு நகைகளுக்கும் இது ஆகாது. தொழில் பழகிய புதிதில் லட்சுமி உருவம் வைத்த ஜிமிக்கி ஒன்றை நான் யோசிக்காமல் இந்த நீரில் இட்டுவிட்டேன். வெளியே எடுத்தபோது முகத்தின் கண்ணும் மூக்கும் தெரியாமல் வெறும் வெள்ளைப் புடைப்பாக நின்றது. மீண்டும் கறுப்பேற்றிக் கொடுக்கும்வரை நகைக்கு உரிய அம்மாவின் முகத்தை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

கேள்வி: தேவனாம்பட்டினம் கடலில் குளிக்கும்போது வெள்ளிக் கொலுசு அணிந்திருக்கலாமா? (கடலூர்)

பதில்: அந்தக் கடற்கரைக்கு வெள்ளிக் கடற்கரை (சில்வர் பீச்) என்ற பெயர் இருப்பது வெள்ளிக்குப் பாதுகாப்பாகாது. உப்புநீர் பற்றவைத்த இடங்களை அரிக்கும். மணல் மெருகை உரசும். கழற்றி வைப்பதே நல்லது. கழற்றியதை ரப்பர் பேண்டால் கட்டிவைக்காதீர்கள். ரப்பரிலுள்ள கந்தகம், கட்டிய இடத்தில் கருங்கோடு விழச் செய்துவிடும். காற்றுப் புகாத சிறு பிளாஸ்டிக் பையில் தனித்தனியாக இட்டு வையுங்கள்.

கேள்வி: பிரான்சிலிருந்து பாட்டி கொண்டுவந்த வெள்ளிக் காப்பில் சிறிய நண்டு உருவம் இருக்கிறது. அது என்ன? (புதுச்சேரி)

பதில்: பாரிசுக்கு வெளியே உள்ள பிரெஞ்சுச் சோதனை நிலையங்கள், 800 தரத்துக்குக் குறையாத சிறு வெள்ளிப் பொருள்களுக்கு 1838 முதல் இட்டுவந்த முத்திரை அது. 925 எண் இல்லையே என்று அதனைப் போலியெனத் தள்ளிவிடாதீர்கள். மெருகு போடக் கொடுத்தால், நண்டு இருக்கும் இடத்தில் சக்கரம் படக்கூடாது என்று முன்னதாகவே சொல்லிவிடுங்கள்.