வலியோட ஒரு ஞாயிற்றுக்கிழமை

கேள்வி: முடக்குவாதம் வந்து 6 வருஷம் ஆச்சு அக்கா. ஞாயித்துக்கிழமை வீட்டுக்காரரு வெளிய கூப்பிடுறாரு, போயிட்டு வந்தா 2 நாள் எழும்ப முடியல. என்ன செய்ய?
– வாசகி, மார்த்தாண்டம்

பதில்: எனக்கும் இதே நோவுதான் தங்கச்சி. ஒரு நாளைக்கு ஒரே இடம் போதும். காலைல மூட்டு இறுக்கம் விட்ட பெறவு மெதுவா கெளம்புங்க. நாங்க போன மாசம் மாத்தூர் தொட்டிப்பாலம் போனோம், 115 அடி உயரம், மொத்தமும் நடக்கணும்னு கட்டாயம் இல்லல்லா, பாதி தூரம் போயி கீழ பறளியாறப் பாத்துட்டே நின்னோம், அவரு பிளாஸ்க்ல இருந்து கட்டஞ்சாயா ஊத்தித் தந்தாரு, டம்ளர் சூடு வெரல் கணுவுல பட்டதும் அவ்ளோ சுகம். படி எறங்கி ஆத்துக்குப் போகவே இல்ல. வலி கூடுறதுக்கு முன்னாடியே திரும்பிடுங்க, அத கெளம்பும்போதே அவருகிட்ட சொல்லி வைங்க. மாத்திரைய மட்டும் மறந்துராதீங்க.