கார்ல வைக்க முதலுதவி பெட்டி எது வாங்கலாம், ட்ரெய்னிங் எங்க எடுக்கலாம்?

அடிக்கடி குடும்பத்தோட சென்னை - மதுரை கார்ல போறேன், ஆன்லைன்ல வர்ற 200 ஐட்டம் கிட் வாங்குறதா இல்ல டூர்னிக்கெட் (குச்சியால முறுக்கி கை கால் ரத்தப்போக்க நிறுத்துற பட்டை) எல்லாம் போட்ட, பெரிய காயத்துக்கான ட்ராமா கிட் வாங்குறதான்னு கேட்டிருக்கீங்க. முதல்ல ட்ரெய்னிங், அப்புறம்தான் பெட்டி. ரெண்டுல ஒண்ணுக்குத்தான் இப்ப காசு இருக்குன்னா கண்ண மூடிட்டு ட்ரெய்னிங்குக்கு குடுங்க.

நான் ஓசூர் பக்கம் ஒரு ஃபேக்டரியில சேஃப்டி வேலை பாக்குறேன். பழைய 1948 ஃபேக்டரி சட்டம் 45வது பிரிவு, 150 பேருக்கு ஒரு பெட்டியாவது இருக்கணும், அதுக்கு பொறுப்பா இருக்குறவர் முதலுதவி சர்ட்டிஃபிகேட் வெச்சிருக்கணும்னு சொல்லிச்சு. பெட்டி மட்டும் இருந்தா போதாதுன்னு அப்பவே எழுதி வெச்சிருக்காங்க பாருங்க. எங்க பிரஸ் ஷாப்ல ஒரு பையனுக்கு ஷீட் மெட்டல் விளிம்பு முன்கையில ஆழமா கிழிச்சிடுச்சு, பக்கத்துல இருந்த ட்ரெய்னிங் எடுத்த ஆபரேட்டர் கையில கிடைச்ச சுத்தமான துணிய வெச்சு முழங்கைய மடக்காம உடம்பு வெயிட் முழுக்க போட்டு அழுத்திட்டே இருந்தார். "அண்ணே ஒரு நிமிஷம் எடுங்க, நின்னுச்சான்னு பாப்போம்"னு சுத்தி நின்னவங்க எத்தனை தடவை சொன்னாலும் கைய எடுக்கல, துணி நனைஞ்சதும் அது மேலயே இன்னொண்ண வெச்சார், 108 வர்ற வரைக்கும் அப்படியேதான். எடுத்து எடுத்து பாத்தா உறைய ஆரம்பிச்ச ரத்தம் திரும்ப பிச்சுக்கும், இத படிச்சா எல்லாருக்கும் புரியும், ஆனா அந்த நேரத்துல கை நடுங்காம செய்ய பழகியிருக்கணும்.

செயின்ட் ஜான் ஆம்புலன்ஸ், ரெட் கிராஸ் (சென்னையில எழும்பூர்ல இருக்கு) ரெண்டு பேரும் பொதுமக்களுக்கு கிளாஸ் எடுக்குறாங்க. அமெரிக்கன் ஹார்ட் அசோசியேஷன் கோர்ஸ் நடத்துற ஆஸ்பத்திரிகளும் இருக்கு, அங்க பிஎல்எஸ் (பேசிக் லைஃப் சப்போர்ட்) கோர்ஸ் டாக்டர் நர்ஸுக்கானது, நமக்கு ஹார்ட்சேவர்னு கேளுங்க, சர்ட்டிஃபிகேட் 2 வருஷம் செல்லும். சேர்றதுக்கு முன்னாடி ஃபோன் பண்ணி ரெண்டே கேள்வி கேளுங்க: ஒவ்வொருத்தரையும் பொம்மை மேல சிபிஆர், அதாவது இதயம் நின்னவருக்கு பண்ற மாதிரி நெஞ்ச அழுத்த விடுவீங்களா (நிமிஷத்துக்கு 100 - 120 தடவை, 5 செ.மீ. ஆழம், செஞ்சு பாத்தாதான் எவ்வளவு மூச்சு வாங்கும்னு தெரியும்), ரத்தப்போக்கு நிறுத்த காயத்துக்குள்ள காஸ் (கட்டு போடுற மெல்லிய வலைத்துணி) திணிச்சு பழக வைப்பீங்களா? வெறும் ஸ்லைடு போட்டு அனுப்புற இடம்னா வேற இடம் பாருங்க.

இப்ப பெட்டி. அந்த 200 ஐட்டத்துல பெரும்பாலும் சின்ன பிளாஸ்டரும் பஞ்சும்தான், ரோட்டுல அடிபட்டவருக்கு அதுல ஒண்ணும் உதவாது. மெடிக்கல் ஷாப்லயே காஸ் ரோல் நிறைய, அகலமான கிரேப் பேண்டேஜ் 3, பெரிய டிரஸ்ஸிங் பேட், கிளவுஸ் ஒரு பாக்கெட், ஜீன்ஸ வெட்டுற மாதிரி நல்ல கத்திரிக்கோல், டேப், மார்க்கர் பேனா வாங்கி ஒரு சிவப்பு பையில போடுங்க, பல வெட்டுக்காயத்துக்கு இதுவே போதும்.

டூர்னிக்கெட் கட்டாயம் தேவையான்னா, கை காலுல ரத்தம் பீச்சி அடிக்குது அழுத்தியும் நிக்கலன்னா அதுதான் உயிரக் காப்பாத்தும். ஆனா சிஏடிங்கற ஒரிஜினல் டூர்னிக்கெட் அமெரிக்காவுலயே 30 டாலர் கிட்ட வருது, இங்க 300 ரூபாய்க்கு கிடைக்குதுன்னா அது டூப்ளிகேட்தான், முறுக்கும்போது அந்த குச்சி வளையும் இல்ல உடையும். பாதி இறுக்கத்துல நிக்குற டூர்னிக்கெட் இல்லாததவிட மோசம், ஏன்னா ரத்தம் இதயத்துக்கு திரும்பி வர்ற குழாய் (சிரை) மட்டும் அடைச்சு, கை காலுக்கு ரத்தம் போற குழாய் (தமனி) திறந்தே இருக்கும், ரத்தம் இன்னும் அதிகமா கொட்டும். காயத்துல இருந்து உடம்புப் பக்கமா 5 - 7 செ.மீ. தள்ளி, மூட்டு மேல படாம கட்டி ரத்தம் நிக்குற வரைக்கும் முறுக்கணும், அடிபட்டவர் வலி தாங்காம கத்துவார், கத்தினாலும் லூஸ் பண்ணக்கூடாது, கட்டின நேரத்த மார்க்கர்ல எழுதிடுங்க, அவிழ்க்குறது டாக்டர் வேலை. பாம்புக்கடிக்கு மட்டும் தயவு செஞ்சு இதையோ கயிறையோ கட்டிடாதீங்க, அசைக்காம நேரா ஜிஹெச் கூட்டிட்டு போங்க.

ரோட்டுல யாருக்காச்சும் உதவினா போலீஸ் கேஸ்னு அலையணுமேன்னு நிறைய பேர் நகர்ந்துடறாங்க, மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருக்கு. 2019ல திருத்தின மோட்டார் வாகனச் சட்டம் 134ஏ பிரிவு உதவி பண்ணவங்க மேல வழக்கு போட முடியாதுன்னு தெளிவா சொல்லுது, பேரு அட்ரஸ் சொல்றதும் உங்க விருப்பம்தான். தமிழ்நாட்டுக்குள்ள விபத்துன்னா 2021 டிசம்பர்ல ஆரம்பிச்ச இன்னுயிர் காப்போம் திட்டத்துல முதல் 48 மணி நேர சிகிச்சை, லிஸ்ட்ல உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலயும் அரசு செலவுதான், அதனால காசு யார் கட்டுறதுன்னு தயங்க வேண்டாம்.

அப்புறம் பைய டிக்கியில லக்கேஜுக்கு அடியில போடாதீங்க, முன் சீட்டுக்கு அடியில இருக்கட்டும். வெயில்ல டேப் பசை உருகிடும், கிளவுஸ் ஒட்டிக்கும், சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் ஒரு தடவை பிரிச்சு பாத்து மாத்துங்க. வீட்டுல அக்காவையும் ட்ரெய்னிங்குக்கு கூட்டிட்டு போங்க சார், அடிபடறது வண்டி ஓட்டுற நீங்களாவே இருக்கலாம்.