ஹெட் இறக்கணுமா? பழைய வண்டிக்காரங்க கேட்டதும் என் பதிலும்

பழைய வண்டி வச்சிருக்கவங்க ஹெட் (எஞ்சின்ல சிலிண்டர்களுக்கு மேல மூடி மாதிரி உக்காருத பாகம்) வேலையப் பத்தி என்ன சந்தேகம்னாலும் கேளுங்கன்னு சொல்லியிருந்தேன், நெறைய பேரு கேட்டிருக்காவ. நான் பாளையங்கோட்டைல வீட்டு ஷெட்ல வச்சு எங்க வண்டி, சொந்தக்காரங்க வண்டின்னு இருபது வருசமா கழத்தி மாட்டிக்கிட்டு இருக்கேன். தெரிஞ்சத சொல்லுதேன்.

பேட்டைலேர்ந்து ஒரு தம்பி: 97 மாடல் மாருதி 800. தண்ணி கொறையுது, கீழ ஒழுகல. மெக்கானிக் பாத்த ஒடனே ஹெட்டயே மாத்தணும்ங்காரு. சரியா அண்ணாச்சி?

பாத்த ஒடனே யாராலயும் அத சொல்ல முடியாது தம்பி. ராத்திரி பூரா நின்ன வண்டில காலைல ரேடியேட்டர் மூடியத் தெறந்து கழுத்து வரைக்கும் தண்ணி நெரப்பி ஸ்டார்ட் பண்ணுங்க, குமிழ் விடாம வந்துக்கிட்டே இருந்து ஆக்சிலேட்டர் குடுக்கக் குடுக்க கூடுச்சுன்னா சிலிண்டர் காத்து தண்ணிப் பாதைக்குள்ள போகுதுன்னு அர்த்தம். சூடா இருக்கும்போது மட்டும் அந்த மூடியத் தொடாதிய, மூஞ்சி வெந்துரும்.

அடுத்து டிப்ஸ்டிக்க, அதான் ஆயில் மட்டம் பாக்குத கம்பிய, இழுத்துப் பாருங்க. ஆயில் பால் காப்பி நெறத்துல இருந்தா தண்ணி கலந்திருக்கு. ஆயில் ஊத்துற மூடிக்கு அடில மட்டும் கொஞ்சம் வெள்ளையா ஒட்டியிருந்தா பயப்படாதிய, டவுனுக்கும் ஜங்சனுக்கும் மட்டும் ஓடுற வண்டில எஞ்சின் முழுசா சூடாகாம ஈரம் தங்கி அப்பிடி வரும். கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள்ள அழுத்தம் அளக்குத கருவி) கெடைச்சா மூணு சிலிண்டரும் பாருங்க, பக்கத்து பக்கத்துல உள்ள ரெண்டும் சேந்து கொறஞ்சிருந்தா நடுவுல கேஸ்கட் (ஹெட்டுக்கும் கீழ உள்ள சிலிண்டர் ப்ளாக்குக்கும் இடையில கசியாம அடைக்குத தகடு) எரிஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். ஒண்ணு மட்டும் கொறஞ்சா அதுல ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு திரும்ப அளங்க, ஏறுச்சுன்னா பிஸ்டன் ரிங்கு தேஞ்சிருக்கு, ஏறலன்னா வால்வு இல்லன்னா கேஸ்கட். ஹெட்ட மாத்தணுமாங்கிறது கழத்தி அளந்த பெறவுதான்.

அம்பை: அப்ப எப்பதான் ஹெட் மாத்தணும்? பழைய இரும்புக் கடைல ஒண்ணு கெடைக்குது, வாங்கலாமா?

வால்வு சீட்டுக்கு நடுவுல கீறல், தண்ணி ஓட்டைய சுத்தி அரிச்சு கேஸ்கட் உக்கார எடமில்லாம போறது, ரொம்ப வளைஞ்சிருக்கிறது, இந்த மூணுக்குத்தான் மாத்தணும். நல்ல நேர் விளிம்பு ஒண்ண நீளத்துலயும் குறுக்கயும் மூலைக்கு மூலையும் வச்சு அடில பீலர் கேஜ் (சந்து அளக்குத மெல்லிசுத் தகடு) விட்டுப் பாருங்க. இந்த மாதிரி சின்ன அலுமினிய ஹெட்டுக்கு 0.05 மில்லிமீட்டர்தான் பொதுவா சொல்லுத அளவு. அதுக்கு மேல போனா லேத்துல குடுத்து பேசிங் (அடிப்பரப்ப சீவி சமமாக்குறது) பண்ணணும், அதுவும் எத்தன தடவ வேணும்னாலும் பண்ண முடியாது, சீவச் சீவ கம்ப்ரஷன் கூடி நாக்கிங், அதான் எஞ்சின் தட்டுத சத்தம், வரும்.

நெறைய பேரு ஒண்ண விட்டுருதாவ. மாருதில கேம் ஷாப்டு (வால்வத் தெறந்து மூட வைக்குத தண்டு) ஹெட்டுக்குள்ளயே ஓடுது, ஹெட் வில்லு மாதிரி வளைஞ்சா அடிப்பக்கத்த சீவி நேராக்கிரலாம், மேல கேம் உக்காருத வரிசை வளைஞ்சது வளைஞ்சதுதான். கேம ராக்கர் (வால்வ அமுக்குத கை) இல்லாம சொருகி கையால சுத்திப் பாருங்க, எங்கயாவது இறுக்கிப் பிடிச்சா அந்த ஹெட்டுல காசு போடாதிய. இரும்புக் கடைல உள்ளதும் சூடேறுன வண்டிலேர்ந்து எறங்குனதா இருக்கலாம்லா, அதனால அதையும் இதே மாதிரி அளந்து, பிரஷர் டெஸ்ட்டும் (தண்ணிப் பாதைல காத்தடிச்சு கசிவு பாக்குறது) பண்ணிட்டுத்தான் வாங்கணும்.

பாளைலேர்ந்து ஒரு தங்கச்சி: அப்பா ஓட்டுன பத்மினி காரு. நானே பண்ணணும்னு ஆசை. முடியுமா அண்ணே?

தாராளமா பண்ணலாம்மா. சொல்லப்போனா மொதல் தடவ பண்ணுதவங்களுக்கு பத்மினிதான் லேசு, 1089 சிசி, கேம் கீழ ப்ளாக்குல இருக்கு, டைமிங் பெல்ட் (கிராங்கையும் கேமையும் சேத்து சுத்த வைக்குத பெல்ட்) தலவலி கெடையாது. புஷ் ராடு (கேம்லேர்ந்து மேல ராக்கரத் தள்ளுத கம்பி) வர்ற வரிசையிலயே திரும்பப் போகணும், அதுக்கு ஒரு அட்டைல எட்டு ஓட்ட போட்டு நம்பர் எழுதி சொருகி வச்சிருங்க. ஒவ்வொரு ஹோஸ கழத்துறதுக்கு முந்தியும் போன்ல படம் எடுங்க.

எஞ்சின் நல்லா ஆறின பெறவுதான் போல்ட்டுல கை வைக்கணும். சூட்டோட கழத்துனா அலுமினியம் வளைஞ்சிரும், இரும்பு விரியிறதப் போல ரெண்டு மடங்கு விரியிற சாமான் அது. வெளி ஓரத்துலேர்ந்து உள்ள வர்ற மாதிரி அரைச் சுத்து அரைச் சுத்தா எல்லாத்தையும் தளத்துங்க. ஹெட் வரலன்னு ஸ்க்ரூ டிரைவர சந்துல குடுத்து நெம்பாதீங்க, ஹெட்டோட அடிப்பரப்பு கீறிரும், மரச் சுத்தியலால பையத் தட்டுங்க. பழைய கேஸ்கட்ட பிளாஸ்டிக் சுரண்டியால எடுங்க, உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், அந்தத் தூள் சிலிண்டருக்குள்ள எறங்குனா புது ரிங்கையும் தின்னுரும். சிலிண்டர் வாய்ல துணி அடைச்சிக்கிடுங்க.

டார்க் ரென்ச் (வச்ச அளவுக்கு டைட் ஆனதும் க்ளிக்குன்னு சொல்லுத ஸ்பேனர்) மட்டும் யார்ட்டயாவது வாங்கியாவது வச்சிக்கிடுங்கம்மா. அது இல்லாம இந்த வேலைய ஆரம்பிக்கவே வேண்டாம்.

திசையன்விளை: பழைய போல்ட்டயே போடலாமா? எவ்வளவு டைட்?

நூல் நல்லா இருந்து எல்லாம் ஒரே நீளமா இருந்தா இந்தப் பழைய எஞ்சின்கள்ல போடலாம். புது வண்டி பலதுல டைட் பண்ணும்போதே நீண்டுருத போல்ட்டு, அத மாத்தியே ஆகணும். அளவு உங்க எஞ்சின் மேனுவல்ல உள்ளது மட்டும்தான், வாய்ச்சொல்ல நம்பாதிய. நடுவுலேர்ந்து வெளிய போற மாதிரி மூணு தவணையா ஏத்தணும்.

போல்ட்டு எறங்குத குழிய காத்தடிச்சு சுத்தம் பண்ணணும். என் முதல் வண்டில நான் இதச் செய்யல. குழில ஆயிலும் தண்ணியும் நின்னுருக்கு, போல்ட்டு அது மேல போயி முட்டி ரென்ச்சு க்ளிக்குன்னு சொல்லிட்டு, நானும் டைட் ஆயிட்டுன்னு விட்டுட்டேன். கேஸ்கட்டு மேல அழுத்தமே விழல. குற்றாலம் போயிட்டு வர்றதுக்குள்ள ஓரத்துல தண்ணி கசிஞ்சிட்டு, முழு வேலையும் முதல்லேர்ந்து. என் வண்டிக்கு அதோட போச்சு, குழி நெறைய தண்ணி நின்னா ப்ளாக்கே வெடிச்சிரும், அப்பிடி வெடிச்ச ப்ளாக்கப் பாத்திருக்கேன்.

சேரன்மகாதேவி: கேஸ்கட்டுக்கு ரெண்டு பக்கமும் பேஸ்ட் தடவலாமா?

வேண்டாம். சுத்தமா, காஞ்சு இருக்கணும், அவ்வளவுதான்.

வள்ளியூர்: ஒரே வருசத்துல ரெண்டு தடவ கேஸ்கட் போச்சு. கேஸ்கட் தரமில்லையா?

அண்ணாச்சி, இந்தக் கேள்விக்காண்டிதான் நான் எல்லாத்துக்கும் பதில் எழுத உக்காந்தேன். கேஸ்கட் தானா போறது ரொம்பக் கொறவு. சூடு ஏறுச்சு, அதனால போச்சு. சூடு ஏன் ஏறுச்சுன்னு பாக்காம எத்தன கேஸ்கட் போட்டாலும் போகத்தான் செய்யும்.

நம்ம பக்கத்து போர்த் தண்ணிய யோசிச்சுப் பாருங்க, ராதாபுரம், திசையன்விளை பக்கமெல்லாம் டீ போடுத பாத்திரத்துல வெள்ளையா பிடிக்கும்லா, அதே படிவுதான் ரேடியேட்டர் குழாய்க்குள்ளயும் ஹெட்டுக்குள்ளயும் பிடிக்கி, பிடிச்ச எடத்துல சூடு வெளிய போகாது. கொறையக் கொறைய போர்த் தண்ணியே ஊத்துனிய, ஆவியானது தண்ணி, தங்குனது உப்பு. ரேடியேட்டர கழத்தி கடைல குடுத்து குழாய் அடைப்பு எடுங்க. தெர்மோஸ்டாட்ட (சூடானதும் தெறந்து ரேடியேட்டருக்குத் தண்ணி விடுத வால்வு) பாத்திரத்துல வெந்நி வச்சு போட்டுப் பாருங்க, தெறக்கணும், அத எடுத்துட்டு ஓட்டுறது தீர்வு கெடையாது. ஃபேன் சுவிட்சு, வாட்டர் பம்ப், ரேடியேட்டர் மூடி எல்லாம் பாருங்க. மூடிய சாதாரணமா நெனைக்காதிய, அது அழுத்தம் பிடிச்சாத்தான் தண்ணி 100 டிகிரி தாண்டியும் கொதிக்காம நிக்கும், ரப்பர் காஞ்ச மூடியோட நாங்குநேரி நாலு வழிச் சாலைல மே மாச மத்தியானம் ஏசி போட்டு ஓட்டுனா சூடு காட்டுத முள்ளு ஏறத்தான் செய்யும். பெறவு டிஸ்டில்டு வாட்டரும் கூலண்ட்டும் கலந்து ஊத்துங்க.

மேலப்பாளையம்: அம்பாசிடர், பழைய 1489 சிசி. இதுக்கும் இதேதானா?

முறை இதேதான், ஆனா அது இரும்பு ஹெட்டு, வளையிறது கொறவு, கீறல்தான் பாக்கணும். கனம் ஜாஸ்தி, ரெண்டு பேரு சேந்து தூக்குங்க, முதுகு போயிரும். கொஞ்ச தூரம் ஓட்டுன பெறவு நல்லா ஆறவிட்டு திரும்ப ஒரு தடவ டைட் பாத்து, அதுக்கப்புறம் டேப்பெட் கேப் (வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவுல உள்ள சந்து) வைங்க. மாத்திச் செஞ்சா கேப் நிக்காது.

களக்காடு: எல்லாம் மாட்டியாச்சு. முதல் ஸ்டார்ட் எப்பிடி?

ஆயிலும் பில்டரும் புதுசு போட்டீங்களா? தண்ணி கலந்த ஆயில் ஒரு சொட்டு இருந்தாலும் பேரிங்குக்கு ஆகாது. ஸ்டார்ட் பண்ணுறதுக்கு முந்தி ஸ்பேனர் போட்டு கிராங்க (பிஸ்டன் சுத்த வைக்குத அடித்தண்டு) கையாலயே ரெண்டு முழு சுத்து சுத்துங்க, எங்கயாவது முட்டுச்சுன்னா நிறுத்துங்க, டைமிங் மார்க்க (கிராங்கும் கேமும் பொருந்த வேண்டிய குறி) திரும்பப் பாருங்க. ஸ்டார்ட் ஆனதும் ரேடியேட்டர் மூடி தெறந்தே இருக்கட்டும், ஹீட்டர் இருந்தா அதையும் தெறந்து வைங்க, உள்ள அடைஞ்ச காத்து வெளிய வரும்போது தண்ணி எறங்கும், எறங்க எறங்க ஊத்துங்க. எறங்குறது நின்னதும், கொதி ஏறுறதுக்கு முந்தி மூடியப் போட்டு ஃபேன் ஓடுதான்னு பாருங்க, ஓடலன்னா ஆஃப் பண்ணிருங்க. மறுநா காலைல ஆறின எஞ்சின்ல தண்ணி மட்டம், ஆயில் நெறம் ரெண்டையும் பாத்துட்டு எழுதுங்க, நான் பாக்கேன்.