கண்ணா இலையில் காய்ந்த உப்பு

கேள்வி: "பளிங்குகள் உயிரற்றவை. மென்சவ்வுப் புரதங்கள் உயிருள்ள கலத்துக்குச் சொந்தமானவை. இரண்டிலுமே கட்டமைப்புத்தான் நடத்தையைத் தீர்மானிக்கிறது என்கிறார்களே, அது எப்படி?"

நான் மட்டக்களப்பில் உயர்தரப் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். இதே கேள்வியை வருடா வருடம் யாராவது ஒரு பிள்ளை வேறு வார்த்தைகளில் கேட்கும். அப்போது நான் முதலில் காட்டுவது ஒரு இலையை.

களப்போரத்தில் சேற்றுக்கு மேலே விரல் விரலாக மூச்சுவேர் நீட்டிக்கொண்டு நிற்கும் கண்ணா மரம் எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். கச்சான் காற்று அடிக்கும் நாட்களில் அதன் இலையைத் தடவினால் நறநறவென்று இருக்கும். நாக்கில் வைத்தால் உப்பு. களப்புத் தண்ணீரில் உள்ள உப்பில் பெரும்பகுதியை வேரே தடுத்துவிடுகிறது. தப்பி மேலே ஏறியதை இலையில் உள்ள உப்புச் சுரப்பிகள் வெளியே தள்ளுகின்றன. அந்த வேலையைச் செய்வது சுரப்பிக் கலங்களைச் சுற்றியுள்ள மென்சவ்வில் பதிந்திருக்கும் புரதங்கள். வெளியே வந்த நீர் வெயிலில் காய்ந்ததும் மிஞ்சுவது பளிங்கு. நீங்கள் கேட்ட இரண்டும் ஒரே இலையில் இருக்கின்றன, ஒன்று மேலே, மற்றது உள்ளே.

ஒரு அணுவோ அயனோ (மின்னேற்றம் பெற்ற அணு) எப்படி நடந்துகொள்ளும் என்பதில் அது எந்த மூலகம் என்பது பாதிக் கதைதான். அதைச் சுற்றி எத்தனை பேர் நிற்கிறார்கள், எவ்வளவு தூரத்தில் நிற்கிறார்கள், எந்தப் பக்கங்களில் நிற்கிறார்கள் என்பது மற்றப் பாதி. நான் விளங்கிக்கொண்ட அளவில் பளிங்கையும் புரதத்தையும் சேர்த்துக் கட்டும் கயிறு இதுதான்.

கல்லுப்பை எடுத்துக்கொள்வோம். 1912இல் ஜேர்மனியில் மக்ஸ் வொன் லாவே, பளிங்கினூடாகப் போகும் எக்ஸ் கதிர்கள் ஒழுங்கான புள்ளிகளாகச் சிதறும் என்று காட்டினார். அடுத்த வருடமே இங்கிலாந்தில் வில்லியம் பிராக்கும் அவரது மகன் லோரன்ஸ் பிராக்கும் அந்தப் புள்ளிகளிலிருந்து உப்பின் உள்ளமைப்பைக் கணித்துவிட்டார்கள். 1915இல் நோபல் பரிசு கிடைத்தபோது மகனுக்கு வயது 25. அவர்கள் கண்டது அந்தக் காலத்து இரசாயனவியலாளர்கள் பலரால் நம்ப முடியாத ஒன்று. உப்புக்குள் 'உப்பு மூலக்கூறு' என்று தனியாக எதுவும் இல்லை. ஒவ்வொரு சோடியம் அயனையும் சுற்றி ஆறு குளோரைட்டு, ஒவ்வொரு குளோரைட்டையும் சுற்றி ஆறு சோடியம். இடைத்தூரம் 2.82 ஆங்ஸ்ட்ரோம். ஒரு ஆங்ஸ்ட்ரோம் என்பது ஒரு மீற்றரில் 1000 கோடியில் ஒரு பங்கு.

இந்த ஒழுங்கின் பலனைக் குசினியிலேயே பார்க்கலாம். கல்லுப்பை அம்மியில் வைத்துத் தட்டுங்கள். நசுங்காது, தட்டையான முகங்களோடு உடையும். அடி விழும்போது ஒரு படை மற்றப் படையின் மேல் ஒரு அயன் தூரம் நகர்ந்தால் போதும், சோடியத்துக்கு நேரே சோடியமும் குளோரைட்டுக்கு நேரே குளோரைட்டும் வந்துவிடும். ஒத்த ஏற்றங்கள் ஒன்றையொன்று தள்ளும், படை பிரிந்துவிடும். அதே அடியை அலுமினியச் சட்டிக்குக் கொடுத்தால் சட்டி ஒடுங்குமே தவிர உடையாது. உலோகத்தில் இலத்திரன்கள் எல்லா அணுக்களுக்கும் பொதுவானவை, படை நகர்ந்தாலும் பிணைப்பு அறுவதில்லை.

இன்னொரு விடயம், இது பின்னால் தேவைப்படும். சோடியத்துக்குப் பதிலாகச் சீசியத்தைக் குளோரைட்டோடு சேர்த்தால், அதைச் சுற்றி ஆறு அல்ல, எட்டுக் குளோரைட்டுகள் நிற்கும். சீசியம் பெரிய அயன், சுற்றி நிற்க இடம் அதிகம்.

வைரத்தையும் பென்சிற்கரியையும் எல்லாப் புத்தகமும் சொல்கிறது, நான் சொல்லத் தேவையில்லை. எனக்குப் பிடித்த உதாரணம் மாணிக்கமும் மரகதமும். மாணிக்கத்தின் சிவப்புக்குக் காரணம் குரோமியம். மரகதத்தின் பச்சைக்கும் பெரும்பாலும் அதே குரோமியம்தான். இரண்டிலும் அது அலுமினியத்தின் இடத்தில் குந்தியிருக்கிறது, இரண்டிலும் சுற்றி ஆறு ஒட்சிசன். வித்தியாசம் அந்த ஆறும் குரோமியத்தின் இலத்திரன்களை எவ்வளவு பலமாகப் பாதிக்கின்றன என்பதில். மாணிக்கத்தில் பாதிப்பு சற்றுக் கூட, மரகதத்தில் சற்றுக் குறைவு. அந்தச் சிறிய வேறுபாட்டில் உறிஞ்சப்படும் ஒளி மாறி, ஒரு கல் சிவப்பாகவும் மற்றது பச்சையாகவும் தெரிகிறது. இதை வகுப்பில் சொல்லும் ஒவ்வொரு தடவையும் எனக்குப் புதிதாகக் கேட்பது போல இருக்கும்.

இனி மென்சவ்வு. கலத்தைச் சுற்றியுள்ள இந்தச் சவ்வின் நடுப்பகுதி கொழுப்பு, தடிப்பு ஏறத்தாழ 30 ஆங்ஸ்ட்ரோம். ஏற்றமுள்ள அயனுக்கு எண்ணெய் ஆகாது, தண்ணீரை விட்டுவிட்டு அதற்குள் இறங்காது. ஆகவே போய்வரப் புரதங்கள் வழி செய்கின்றன. அமினோ அமிலங்களைக் கோத்த புரதச் சங்கிலி சுருளாக முறுகும்போது ஒரு அமினோ அமிலத்துக்கு 1.5 ஆங்ஸ்ட்ரோம் நீளும். இருபது அமினோ அமிலம் சேர்ந்தால் 30. சவ்வைக் குறுக்கே கடக்கும் சுருள்கள் பெரும்பாலும் இருபது சொச்சம் அமினோ அமில நீளமாக இருப்பதன் காரணம் இந்தச் சின்னப் பெருக்கல்தான்.

இப்படி வழிவிடும் புரதங்களில் ஒன்றான பொற்றாசியம் கால்வாயைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நரம்பும் இதயமும் இயங்க இது வேண்டும். இது பொற்றாசியத்தைச் செக்கனுக்குப் 10 கோடி வரை போகவிடும், சோடியத்தை மறிக்கும். ஏறத்தாழ 10,000 பொற்றாசியம் போகும்போது ஒரு சோடியம் தப்பிப் போகலாம், அவ்வளவுதான். விசித்திரம் என்னவென்றால் சோடியம்தான் சிறியது. அதன் ஆரை 0.95 ஆங்ஸ்ட்ரோம், பொற்றாசியத்தினது 1.33. பெரியவன் போகும் வாசலில் சின்னவன் ஏன் மறிபடுகிறான்?

1998இல் ரொடெரிக் மக்கினன் குழுவினர் மண்ணில் வாழும் ஒரு பக்ரீரியாவின் பொற்றாசியம் கால்வாயைப் பளிங்காக்கி, எக்ஸ் கதிரால் அதன் உருவத்தைக் கண்டார்கள். 2003இல் அதற்கு நோபல் பரிசு. கால்வாயின் மிக ஒடுங்கிய பகுதி வெறும் 12 ஆங்ஸ்ட்ரோம் நீளம். அங்கே புரதத்தின் ஒட்சிசன் அணுக்கள் உட்பக்கம் பார்த்தபடி அடுக்கடுக்காக நிற்கின்றன. உள்ளே வரும் பொற்றாசியத்தை மேலே நான்கு, கீழே நான்கு என்று எட்டு ஒட்சிசன்கள் ஏறத்தாழ 2.8 ஆங்ஸ்ட்ரோம் தூரத்தில் சூழ்கின்றன. தண்ணீரில் இருந்தபோது அதைச் சூழ்ந்திருந்த நீர் மூலக்கூறுகளின் ஒட்சிசன்களும் ஏறக்குறைய இப்படித்தான் நின்றன. ஆகவே நீரை உதறிவிட்டு உள்ளே வருவதில் பொற்றாசியத்துக்கு நட்டமில்லை. சோடியத்துக்கு நட்டம். அதுவும் நீரை உதற வேண்டும், ஆனால் உள்ளே கிடைக்கும் எட்டு இடமும் அதன் அளவுக்கு வசதியானவை அல்ல.

சீசியத்துக்கு எட்டு, சோடியத்துக்கு ஆறு என்று மேலே சொன்னேன் அல்லவா? உப்புப் பளிங்கில் பார்த்த அதே அயலவர் கணக்கு இங்கே கால்வாய்க்குள்ளும் வருகிறது. இதை முதன்முதலில் நான் கவனித்த அன்று புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

ஆனால் பாடப் புத்தகங்கள் இதைப் பூட்டும் திறப்பும் போல, சுவரில் வெட்டிய துளை போலச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை. உடல் வெப்பத்தில் புரதத்தின் அணுக்கள் ஆடிக்கொண்டே இருக்கின்றன. இரண்டு அயன்களின் ஆரைக்கும் உள்ள வித்தியாசம் 0.38 ஆங்ஸ்ட்ரோம். அணுக்களின் ஆட்டமே அந்த அளவுக்கு வரும். பின்னால் கணினியில் செய்து பார்த்த மாதிரிகள், துளையின் விட்டத்தை மட்டும் பார்த்தால் போதாது, அந்த ஒட்சிசன்கள் ஒன்றையொன்று எவ்வளவு தள்ளுகின்றன என்பதும் எந்த அயன் போகும் என்பதைத் தீர்மானிக்கிறது என்று காட்டின. கட்டமைப்பு என்ற சொல்லைக் கேட்டதும் அசையாத கட்டடத்தை நினைத்தால் புரதம் விளங்காது. அது எந்தெந்த உருவங்களுக்கிடையில் மாறிமாறிப் போகக்கூடியது என்பதும் அதன் கட்டமைப்பில் சேர்ந்தது.

இதை நான் முதலில் கண்டது புத்தகத்தில் அல்ல. 2011 ஜனவரி வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். ஒரு பாடசாலையில் போய் இருந்தோம். நான் அப்போது உயர்தரம் படித்துக்கொண்டிருந்தேன். அக்காவின் மகனுக்கு மூன்று வயது. இரண்டாம் நாள் இரவு வயிற்றோட்டம் தொடங்கியது. காலையில் கண் குழிவிழுந்து, அழக்கூடச் சத்தில்லாமல் கிடந்தான். அம்மம்மா வெறும் சுடுதண்ணீரைப் பருக்கிக்கொண்டிருந்தா. அங்கே வந்த மிட்வைஃப், வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் கொடுக்கும் தூளான ஜீவனிப் பைக்கற்று ஒன்றை என்னிடம் தந்து, கொதித்தாறிய தண்ணீர் ஒரு லீற்றரில் முழுவதையும் கரைக்கச் சொன்னா.

"சீனித் தண்ணி குடுத்தா இன்னும் போகும் மனே" என்று அம்மம்மா தடுத்தா.

"இல்லம்மா, இதுல உப்பும் இருக்கு, இனிப்பும் இருக்கு. ரெண்டும் சேந்தாத்தான் தண்ணி உடம்புல நிக்கும். கரண்டி கரண்டியாக் குடுங்க, சத்தி எடுத்தாக் கொஞ்சம் பொறுத்து மறுகாக் குடுங்க" என்றா அவ.

அன்று பின்னேரம் அவன் சிறுநீர் கழித்தான். அக்கா அழுதுவிட்டா. ஏன் இரண்டும் சேர வேண்டும் என்ற கேள்வி மட்டும் எனக்குள் நின்றுவிட்டது. பல்கலைக்கழகத்தில்தான் பதில் கிடைத்தது.

சிறுகுடற் கலங்களின் மென்சவ்வில், பொருட்களை உள்ளே காவிச்செல்லும் ஒரு காவிப் புரதம் இருக்கிறது. அது குடலின் உட்பக்கம் திறந்தபடி நிற்கும்போது இரண்டு சோடியம் அயன்கள் வந்து அதில் அமர்கின்றன. அவை அமர்ந்ததும் புரதத்தின் உருவம் சற்று மாறி, குளுக்கோசு பொருந்தும் இடம் சீராகிறது. குளுக்கோசும் வந்து இருந்த பிறகுதான் புரதம் வெளிவாசலை மூடி, கலத்தின் பக்கம் திறக்கிறது. இரண்டு வாசலும் ஒரே நேரத்தில் திறந்திருப்பதில்லை. உள்ளே போன சோடியத்தையும் குளுக்கோசையும் பின்தொடர்ந்து தண்ணீர் போகிறது. வெறும் தண்ணீரில் சோடியமும் இல்லை, குளுக்கோசும் இல்லை. ஆகவே அம்மம்மா கொடுத்த தண்ணீரை இழுத்து எடுக்க அந்தக் காவிக்கு வழியிருக்கவில்லை.

சோடியமும் குளுக்கோசும் சேர்ந்தே கடத்தப்படுகின்றன என்ற கருத்தை ரொபர்ட் கிரேன் 1960இல் பிராக் நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் முன்வைத்தார். ஜீவனி போன்றவற்றுக்கு இப்போது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கலவையில் ஒரு லீற்றருக்கு 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோசும், இவற்றோடு பொற்றாசியம் குளோரைட்டும் சோடியம் சிற்றேற்றும் உண்டு. மூல் கணக்கில், அதாவது எடையை விட்டு எண்ணிக்கையைப் பார்த்தால், உப்பிலும் சிற்றேற்றிலும் இருந்து வரும் சோடியம் 75 மில்லிமூல், குளுக்கோசும் 75 மில்லிமூல். சரிக்குச் சரி. அம்மம்மா பயந்ததிலும் ஒரு நியாயம் இருக்கிறது. இனிப்பு அளவுக்கு மிஞ்சினால் அது குடலுக்குள் தண்ணீரை இழுத்து ஓட்டத்தைக் கூட்டும். வயிற்றோட்டம் உள்ள பிள்ளைக்குச் சோடா கொடுக்க வேண்டாம் என்பது இதனால்தான். தயவுசெய்து கொடுக்காதீர்கள்.

பளிங்குக்கும் இந்தப் புரதங்களுக்கும் இன்னொரு உறவும் உண்டு. புரதத்தின் உருவத்தை எக்ஸ் கதிரால் பார்க்க வேண்டுமென்றால் முதலில் அதையே பளிங்காக்க வேண்டும். கோடிக்கணக்கான பிரதிகள் ஒரே திசையில் அணிவகுத்து நிற்க வேண்டும். மென்சவ்வுப் புரதம் இதற்கு லேசில் உடன்படாது, அதன் இடுப்பைச் சுற்றி எண்ணெய்ப் பகுதி. தண்ணீரில் போட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக் குழம்பிவிடும். ஹார்ட்முட் மிஷெல், சவர்க்காரம் போன்ற சிறு மூலக்கூறுகளால் அந்த இடுப்பை மூடி, 1982இல் ஒரு பக்ரீரியாவின் ஒளித்தொகுப்புப் புரதத்தைப் பளிங்காக்கினார். 1985இல் உருவம் வெளிவந்தது. 1988இல் மிஷெல், டைசன்ஹோஃபர், ஹூபர் மூவருக்கும் நோபல். உப்புக்குள் பார்க்க பிராக்குகளுக்குப் பெரிய தடை இருக்கவில்லை, உப்பு தானாகவே அணிவகுத்து நிற்கும். மென்சவ்வுப் புரதத்தை அப்படி நிறுத்த மனிதர்களுக்கு இன்னும் ஏறத்தாழ 70 வருடம் தேவைப்பட்டது.

ஒரு வித்தியாசத்தையும் சொல்ல வேண்டும். உப்புப் பளிங்கில் ஒரு அயன் இல்லாமல் போனால் கறிக்கு ஒன்றும் ஆகாது, அதே அமைப்பு மீண்டும் மீண்டும் வருகிறது. புரதத்தில் அப்படியில்லை, ஒவ்வொரு இடமும் தனி. குளோரைட்டை வெளியேவிடும் ஒரு கால்வாய்ப் புரதத்தில் 1480 அமினோ அமிலங்கள். அதில் 508ஆவது ஒன்று மட்டும் விடுபட்டால் சங்கிலி சரியாக மடியாது, கலம் அதைப் பழுது என்று கண்டு அழித்துவிடும். நுரையீரலில் சளி தடித்துப் பிள்ளைகளை வாட்டும் சிஸ்ரிக் பைப்ரோசிஸ் நோயில் மிக அதிகம் காணப்படும் பிறழ்வு இதுதான். வாந்திபேதிக் கிருமியின் நஞ்சு குடலில் மூடவிடாமல் திறந்து வைத்திருப்பதும் இதே கால்வாயைத்தான். அப்போதும் குளுக்கோசுக் காவி பாதிக்கப்படாமல் வேலை செய்துகொண்டிருக்கும். ஜீவனி அந்த வழியால்தான் பிள்ளையைக் காப்பாற்றுகிறது.

நேரம் கிடைத்தால் ஜூலை, ஓகஸ்ட் மாதத்தில் ஒரு காலை களப்போரம் போய் ஒரு கண்ணா இலையைப் பறித்து, நல்ல உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். எல்லா மணியும் அழகாக இராது, அவசரமாகக் காய்ந்தவை உருக்குலைந்திருக்கும். தேடினால் ஒன்றிரண்டில் நேரான விளிம்பும் செங்கோண மூலையும் தெரியும்.